காரின் மூக்கு

சேலத்தில் இருந்து தருமபுரி திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். முன்னால் ஒரு கண்டெய்னர், பின்னால் ஒரு டேங்கர், பக்கத்து சீட்டில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சாய்ந்திருந்த வீட்டம்மா. அந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை, இழுவையும் குறையவில்லை. ஆனாலும் அந்த ரோட்டில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஏங்க, என்னமோ எரியுது."

"பார்த்தேன்."

வீடு வந்து சேரும்வரை இருவரும் அதற்கு மேல் பேசவில்லை.

2011-இல் சென்னையில் வேலையில் இருந்தபோது வாங்கிய சின்ன பெட்ரோல் கார் அது. அவளுக்குக் கண் அழுத்த நோய். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சேலம் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒருமுறை பஸ்ஸில் போய் வந்து இரண்டு நாள் தலைவலியோடு படுத்துவிட்டாள். அதனால் எங்களுக்குக் கார் ஆடம்பரம் அல்ல. பெங்களூரில் இருக்கும் பையன் மட்டும், "வித்துடுங்கப்பா, 15 வருஷம் ஆகுது" என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 15 வயதான காருக்கு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். புகைச் சான்றும் வேண்டும். இந்த விளக்கு எரிய எரிய அது கிடைப்பது சந்தேகம்.

போதாததற்கு சில மாதங்களாகவே லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12-க்கு இறங்கியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வாடை. ஒரு பட்டறையில் காட்டினேன். "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருக்கும் சார், சென்சாரோட சேர்த்து மாத்திடலாம்" என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டியை விற்றால் வரும் பணத்தில் பாதிக்கு மேல்! இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு வந்தேன்.

நான் தொலைபேசித் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன் என்று இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். "போன் டெட்" என்று புகார் வந்தால் உடனே புது போனைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். கோளாறு கருவியிலா, டிராப் வயரிலா, கம்பத்து டி.பி.யிலா, பில்லரிலா, எக்ஸ்சேஞ்சிலேயேவா என்று ஒவ்வொரு இடமாக டெஸ்ட் செய்து வருவோம். பாதி நேரம் ஏதோ ஒரு முனையில் பச்சை பூத்துப் போயிருக்கும், அவ்வளவுதான். காரிலும் வயர்தானே என்று தோன்றியது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் உண்டு. அதில் செருகி செல்போனில் பார்க்க, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிச் செருகினேன். பி 0135 என்று காட்டியது. முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்கியூட்டில் கோளாறு என்று அர்த்தம். கவனியுங்கள், அது சொல்வது சர்க்கியூட்டை. சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த சென்சாரைக் காரின் மூக்கு என்று சொல்லலாம். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று இது முகர்ந்து பார்க்கும். உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் வித்தியாசப்பட்டால் பேட்டரி மாதிரி கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு இவ்வளவு காற்று தேவையில்லை. ஆக மூக்குக்கு இப்போது வேலை ஜாஸ்தி.

ஆனால் 300 டிகிரி சூடு ஏறினால்தான் பீங்கான் வேலை செய்யும். அதற்காகத்தான் உள்ளே ஒரு குட்டி ஹீட்டர். ஹீட்டர் போனால் கம்ப்யூட்டர் மூக்கை நம்பாமல் குத்துமதிப்பாக, கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் போனது அதனால். எரியாத பெட்ரோல் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தால், பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் பூசிய அந்த விலை உயர்ந்த கன்வெர்ட்டர் சூடேறி உண்மையிலேயே போய்விடும். பட்டறைக்காரர் சொன்னது நடந்திருக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் விட்டால் நடந்திருக்கும்.

உலகத்திலேயே முதலில் 1976-இல் வால்வோ காரில்தான் இதைப் பொருத்தினார்கள். செய்து கொடுத்தது பாஷ். ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு விஷம். நம் நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து அம்பாசிடருக்கு மூக்கே கிடையாது!

சரி, டெஸ்டுக்கு வருவோம். முதலில் ஃபியூஸ் பார்த்தேன், நன்றாக இருந்தது. சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு என்ஜினை ஓட்டி, வண்டிப் பக்கம் மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் வந்தது. ஆக எக்ஸ்சேஞ்சும் லைனும் சரி. சென்சாரில் இருந்து வரும் நான்கு வயரில் ஒரே நிறத்தில் இரண்டு இருந்தன; அவைதான் ஹீட்டர். அங்கே சில ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை (ஆமாம், என்னிடம் இருப்பது முள் மீட்டர்). ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது. இதற்குப் பிறகுதான் பணத்தை எடுத்தேன். பழைய சென்சாரின் பார்ட் நம்பரைக் காட்டி அதே கனெக்டரோடு வாங்கியதில் 2,850 ரூபாய்.

எங்கள் வண்டியில் முதல் சென்சார் பானெட்டைத் திறந்தாலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அடியில் படுக்க வேண்டியிருந்தால் 68 வயதில் நான் இறங்கியிருக்க மாட்டேன். முந்தின நாள் இரவே மரையில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தேன். காலையில் என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கை சுடாத அளவுக்கு ஆறவிட்டேன். இளஞ்சூட்டில்தான் மரை விடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பழைய சென்சார் எப்படியும் போனதுதான், அதனால் வயரை வெட்டிவிட்டு 22 நம்பர் ரிங் ஸ்பேனரை மேலே இருந்து மாட்டினேன். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும்.

பதினைந்து வருடத் துரு. நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், "விடுங்க பெரியப்பா, நான் பார்க்கிறேன்" என்று ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகிப் பிடித்தான். ஜெர்க் கொடுக்காதே, மெதுவாக அழுத்து என்றேன். டொக்கென்று ஒரு சத்தம். மரைதான் முறிந்ததோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. இல்லை, விட்டுக்கொடுத்த சத்தம்தான். கையாலேயே சுற்றி எடுத்தான். நுனி முழுக்கக் கரி.

புதியதில் மரைக்கு மட்டும் பசை தடவியே வருகிறது. அது நுனியில் படக் கூடாது, கையும் படக் கூடாது. முதலில் விரலாலேயே கடைசி வரை சுற்றி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்கினோம். வயர் சைலன்சரில் உரசாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டினோம். பையனுக்குக் காபி வந்தது. செல்போனில் அந்தக் கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், சிறிது நேரத்தில் வோல்ட் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. மூக்கு மூச்சு விடுகிறது. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான், காபி ஆறிப்போனது.

புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.08 சதவீதம் வந்தது. எங்கள் வண்டிக்கு வரம்பு 0.3. மைலேஜ் 15-க்குத் திரும்பியிருக்கிறது. போன வாரம் சேலம் போய் வந்தோம். கண் அழுத்தம் குறைந்திருக்கிறது, அதே சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னார்கள்.

எஃப்.சி. அடுத்த மாதம். முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.