விட்டுவிட்டெரியும் விளக்கு

காய்ச்சல் காய்ந்தபடியே வருபவனைத் தொட்டுப் பார்த்தே மருத்துவன் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். முறைக்காய்ச்சற்காரன் பாடு அவ்வாறன்று. காய்ச்சல் விட்டிருக்கும் வேளையிலேதான் அவன் பெரும்பாலும் மருத்துவமனை வாயிலை மிதிக்கிறான். பார்ப்பவர்க்கு அவன் நலமுடையவனாகவே தோன்றுகிறான். பழைய கார்களின் டாஷ்போட்டில் விட்டுவிட்டெரியும் எச்சரிக்கை விளக்கும் இத்தகையதே. நடுவீதியில் எரியும், கராஜ் வாயிலை அடைந்ததும் அணைந்துவிடும். எரியாத விளக்கைக் காட்டி "இது எரிகிறது" என்று முறையிடுபவரை மெக்கானிக் நோக்கும் நோக்கு, பட்டவர்க்கே தெரியும்.

மெய்யியலை ஒரு பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவியாகிய எனக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். எனது மாமா யாழ்ப்பாணத்தில் மணமக்களை ஏற்றிச் செல்லும் கார் ஒன்றை வைத்துத் தொழில் செய்பவர். அது மேர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 124 வகையைச் சேர்ந்தது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி 1990களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்ட இவ்வகைக் கார்கள் உழைப்புக்குப் பெயர்பெற்றவை. 2020ஆம் ஆண்டு இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025ஆம் ஆண்டில் தனியார் வாகனங்களுக்கும் வழி மீளத் திறக்கப்பட்டபோது, வரியைக் கேட்டுப் பலரும் பழையதையே திருத்தி ஓட்டுவதென்று முடிவு செய்தனர். மாமாவும் அவர்களுள் ஒருவர். பூமாலை சூட்டிய காரினுள் மணமக்கள் அமர்ந்திருக்க, முன்னே சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் கண்சிமிட்டுவதை எந்தப் பெற்றோர்தான் விரும்புவர்? இரண்டு ஓட்டங்கள் கைநழுவியபின் அவர் காரை விற்றுவிடும் எண்ணத்துக்கு வந்திருந்தார். சென்ற விடுமுறையில் நான் ஊர் சென்றபோது நிலைமை இதுதான்.

தொல்லை கொடுத்த விளக்குகள் மூன்று. எஞ்சின் எண்ணெயின் மட்டம் குறைவதைக் காட்டுவது ஒன்று. வெளிவிளக்கு ஏதேனும் பழுதானால் எரிவது மற்றொன்று. மூன்றாவது, மாமாவின் உறக்கத்தைக் கெடுத்த ஏ.பீ.எஸ். விளக்கு. பிறேக்கைச் சடுதியாக அழுத்தும்போது சில்லுகள் இறுகிச் சறுக்காமற் காக்கும் இவ்வமைப்பு, 1978ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் பெரிய கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. சில்லுகளின் வேகத்தை உணர்கருவிகள் கணினிக்கு அறிவிக்க, கணினி பிறேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்தியும் இறுக்கியும் ஆள்கிறது. இவ்வமைப்பு முற்றாகச் செயலிழந்தாலும் சாதாரண பிறேக் வேலை செய்யும். மழையில் நனைந்த வீதியில் சறுக்காமற் காக்கும் துணை மட்டுமே இல்லாமற் போகும்.

இன்றைய கார்களில் இத்தகைய குறையைத் தேடுவது பெரிதும் இலகு. கருவி ஒன்றைப் பொருத்தினால், எப்போது எக்குறை தோன்றியது என்பதைக் கார் தன் நினைவிலிருந்தே ஒப்புவிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் மாதிரிகள் தொடக்கம் இதற்கென ஒரே வகையான இணைப்பி கட்டாயமாக்கப்பட்டது. மாமாவின் கார் அதற்கு முந்தியது. அதன் ஏ.பீ.எஸ். கணினி நேற்றைய குறையை இன்று சொல்லாது. ஆகவே காருக்கு இல்லாத நினைவை மனிதரே வழங்கவேண்டியிருந்தது.

மாமா முதலிற் காட்டிய கராஜில் (பெயர் எதற்கு?) ஐந்து நிமிடத்திற் தீர்ப்பு வழங்கப்பட்டது. ஏ.பீ.எஸ். விளக்கு எரிகிறது, ஆகவே ஏ.பீ.எஸ். பழுது, ஆகவே அதன் எண்ணெயழுத்தப் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும். கழற்றிய பழைய பெட்டிக்கே இலட்சங்களிற் கணக்குச் சொல்லப்பட்டது. இத்தீர்ப்பைக் கேட்டபோது எனக்கு மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை நினைவுக்கு வந்தது. தருக்க நெறியில் நிகழும் வழுக்களை எண்ணிச் செல்லும் அக்காதை, புகைதானா அன்றிப் பனியோ ஆவியோ என்று ஐயத்துக்கிடமான ஒன்றைக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவதையும் ஒரு வழுவாகக் கூறுகிறது. விரிவுரை மண்டபத்தில் அதனைப் படித்தபோது, இத்துணை வெளிப்படையான பிழையை யார்தான் செய்வர் என்று எண்ணியதுண்டு.

விளக்கிலிருந்து நேரே பழுதுக்குப் பாய்வதற்கு வழியில்லை. விளக்கு அறிவிப்பது தன்னோடு இணைந்த மின்சுற்றின் நிலையை மாத்திரமே. பிறேக் கட்டை தேய்ந்ததைக் காட்டும் விளக்கை எடுத்துக்கொள்வோம். கட்டையினுள் ஒரு கம்பி பதிக்கப்பட்டுள்ளது. கட்டை தேயத்தேய அக்கம்பி வெளிப்பட்டுச் சுழலும் இரும்புத் தட்டைத் தொடும், மின்சுற்று நிலத்தோடு இணையும், விளக்கு எரியும். அதே கம்பி வேறோரிடத்தில் உறை கிழிந்து காரின் உடலைத் தொட்டாலும் அதே விளக்கு அதே ஒளியோடு எரியும். ஏ.பீ.எஸ். விளக்கின் நிலையோ இன்னும் நுட்பமானது. கணினிக்கு மின்னே கிடைக்காவிட்டாலும் எரியும்படி அதன் சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது. "எனக்கு நோய்" என்பதையும் "எனக்கு உணவில்லை" என்பதையும் அது ஒரே சொல்லாற் சொல்கிறது எனலாம்.

இத்தீர்ப்பின் பின், வாகனத் தரகர் ஒருவர் மாமாவுக்கு ஓர் உபாயம் கூறினார். ஏ.பீ.எஸ். விளக்கின் கம்பியை வெட்டி, பற்றரி விளக்கின் கம்பியோடு இணைத்துவிடலாம், திறப்பைத் திருப்பியதும் இரண்டும் ஒன்றாக எரியும், எஞ்சின் இயங்கியதும் ஒன்றாக அணையும், வாங்குபவர் ஐயுறார். வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் காரைப் பார்க்க வருவதாகவும் இருந்தது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றார் தரகர், அதுவும் ஒரு நற்செய்தி போல. மாமா அன்றிரவு உணவருந்தாமல் விறாந்தையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கடன் இருந்தது; வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அவர் நல்லவர் என்பதால் அந்த எண்ணம் அவரை அண்டவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். காலையில், "அண்ணையிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டு யோசிப்பம்" என்றார்.

அவர் "அண்ணை" என்றது சுன்னாகத்துக்கு அண்மையில் ஒரு கொட்டிலில் வேலை செய்யும் முதியவரை. தொண்ணூறுகளில் எரிபொருட் தடையின்போது, சிறிது பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பார்த்துப் பழகிய கைகள் அவருடையவை. புதிய உதிரிப்பாகம் என்ற சொல்லுக்கே பொருளில்லாதிருந்த காலம் அது. மாற்றிப் பார்ப்பது என்ற வழி அடைபட்டபோது, யோசித்துப் பார்ப்பது என்ற வழியே எஞ்சியது. அவர் காரின் மூடியைத் திறக்கவே இல்லை.

"அது ஏன் எரியுது எண்டு நான் பாக்கிறன். எப்ப எப்ப எரியுது எண்டு நீ எழுதிக்கொண்டு வா பிள்ளை" என்றார் என்னைப் பார்த்து.

பன்னிரண்டு நாள்கள் நான் முன்னிருக்கையில் ஓர் அப்பியாசக் கொப்பியோடு பயணம் செய்தேன். நாள், நேரம், இடம், மழையா வெயிலா, திருப்பமா நேர்வீதியா, பிறேக் அழுத்தப்பட்டதா, முன்விளக்குப் போட்டிருந்ததா, ஓடத் தொடங்கி எத்தனை நிமிடம் என்று நிரல்கள் வரைந்தேன். எரிந்ததை எழுதுவது போலவே எரியாததையும் எழுதும்படி அவர் வற்புறுத்தியிருந்தார். நல்ல ஆய்வாளர் சிலர்கூட மறந்துவிடும் விதி இது.

கொப்பியைப் புரட்டியபோது மூன்று விளக்குகளும் மூன்று வெவ்வேறு மனிதர்போலப் பிரிந்து நின்றன. எண்ணெய் விளக்கு, மானிப்பாய் வீதியின் வளைவுகளில் மட்டும் எரிந்தது. எண்ணெய் குறைந்திருக்கும்போது வளைவில் அது ஒருபுறம் சாய, மிதவை கீழிறங்கும். அவ்விளக்கு உண்மையையே உரைத்தது. ஒரு லீற்றர் விட்டதும் ஓய்ந்தது. வெளிவிளக்குப் பழுதைக் காட்டுவது, முதன்முறை பிறேக்கை அழுத்தியதும் எரிந்தது. ஆனால் பின்னிருந்த இரு பிறேக் விளக்குகளும் எரிந்தன. இடப்புறமும் வலப்புறமும் பாயும் மின்னோட்டத்தை ஒப்பிடுவதே அந்த றிலேயின் வேலை. ஒன்று பழைய குமிழ், மற்றது வேறு தயாரிப்பு. இரண்டையும் ஒரே வகையாக மாற்றியதோடு அதுவும் அடங்கிற்று.

ஏ.பீ.எஸ். விளக்கு பதினேழு முறை எரிந்திருந்தது. அவற்றுட் பதின்மூன்று, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடி எஞ்சின் நன்கு சூடேறிய பின்னர் நிகழ்ந்தவை. மழைக்கும் வெயிலுக்கும் வேறுபாடில்லை, பள்ளங்களிலும் இல்லை. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு இடங்களில் விரலை வைத்தார். முதலாவது, பதினேழு முறையும் விளக்குத் தானாகவே அணைந்திருந்தது. சில்லின் உணர்கருவியோ அதன் கம்பியோ பழுதாயின், கார் ஓடும்போது அதனைக் கண்டறியும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டு, திறப்பை அணைத்து மீண்டும் போடும்வரை விளக்கை எரியவிடும். தானாக அணைவதாயின், கணினிக்குச் செல்லும் மின் போய்ப்போய் வருகிறது என்று கொள்வதே பொருத்தம். இரண்டாவது, கார் நின்றபடி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது விளக்கு ஆறு முறை எரிந்தது. அவற்றுள் ஐந்து முறை "எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது" என்று நான் பக்க ஓரத்திற் குறித்திருந்தேன். நிரலில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதியது அது. பெரியவருக்கு அதுவே போதுமாயிருந்தது. பிறேக்குக்கும் எஞ்சினின் நிலையோட்ட வேகத்துக்கும் என்ன உறவு? இரண்டையும் ஆளும் கருவிகளுக்கு மின் ஒரே வாசலால் வருகிறது என்பதே உறவு.

அந்த வாசல், பற்றரிக்குப் பின்னால் ஒதுக்கமாக இருக்கும் வெள்ளிநிறச் சிறு பெட்டி. தலையில் ஒரு பியூஸைச் சுமந்து நிற்கும். மின்னழுத்தம் மிஞ்சினால் கணினிகள் கருகாமற் காக்கும் றிலே அது. அதற்கும் முன்பாகப் பற்றரியின் மின்னழுத்தத்தை அளந்தார். முன்விளக்குகள் எரிகையிலும் பதினான்கு வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு, குறையில்லை. சில்லுகளின் உணர்கருவிகளும் நலமாகவே இருந்தன. பின்னர் காரை நாற்பது நிமிடம் ஓடவிட்டு, விளக்கு எரியும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார். எரிந்ததும் திருப்புளியின் பிடியால் அப்பெட்டியை மெல்லத் தட்டினார். அணைந்தது. மீண்டும் தட்ட, எரிந்தது. இதனையும் அவர் முடிவாகக் கொள்ளவில்லை. தட்டும்போது அருகிலுள்ள கம்பிகளும் அதிருமல்லவா? பெட்டியைத் திறந்து, மணிக்கூடு திருத்துவோர் கண்ணில் மாட்டும் வில்லையை என்னிடம் தந்தார். ஈயம் பற்றவைத்த ஒரு முளையைச் சுற்றி, தலைமயிரிலும் மெல்லிய கருவளையம் ஒன்று தெரிந்தது. சூடேற விரிந்து விலகும், குளிர ஒட்டிக்கொள்ளும். முப்பது ஆண்டுகள் உழைத்த ஈயம் சோர்வுற்றதை எவர்மீதும் குற்றமாகச் சுமத்த முடியாது.

புது ஈயம் வைத்தார். "இது இப்போதைக்கு. புதுசு ஒண்டுக்குச் சொல்லிவை" என்று மாமாவிடம் கூறிவிட்டு, எனக்கு இன்னும் பன்னிரண்டு நாள் எழுதும்படி கட்டளையிட்டார். எழுதினேன். ஏ.பீ.எஸ். நிரல் வெறுமையாகவே இருந்தது.

கம்பியை வெட்டி இணைக்கும் உபாயத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இது அரிதான வஞ்சகம் அன்று என்று பெரியவர் சொன்னார். குமிழைக் கழற்றிவிடுவோரும் உளர். பழைய கார் வாங்கச் செல்வோர் எஞ்சினை இயக்குமுன் திறப்பை ஒருபடி மாத்திரம் திருப்பி, எரியவேண்டிய விளக்குகள் யாவும் எரிகின்றனவா என்று எண்ணவேண்டும். பின்னர் ஒவ்வொன்றும் தனக்குரிய வேளையில் அணைகிறதா என்று நோக்கவேண்டும். எரியும் விளக்குக்கு அஞ்சுவோர், எரியவே எரியாத விளக்குக்கு அதனினும் அஞ்சுதல் தகும். வவுனியாக் குடும்பத்தினர் வந்தபோது மாமா நடந்தவற்றைச் சொல்லி, றிலேயையும் காட்டினார். அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்டனர், மாமா கொடுக்கவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு நான்கு ஓட்டங்கள் வந்திருந்தன. கடன் இன்னும் முற்றாகத் தீரவில்லை.

அப்பியாசக் கொப்பி இப்போதும் காரின் முற்பெட்டியினுள் இருக்கிறது. அதன் கடைசி வரி என் கையெழுத்தன்று, மாமாவினுடையது. "வெள்ளி, பின்னேரம் நாலரை, ஆனைக்கோட்டைச் சந்தி. கண்ணாடி கழுவுற தண்ணி லைற் எரிஞ்சது. தண்ணி விட்டது."