நெய்யாற்றின்கரையும் அரபுக் குதிரைகளும்

சென்ற கோடை விடுமுறையில் பாறசாலைக்குச் செல்ல நேர்ந்தது. அஃது என் அன்னையார் பிறந்த ஊர். அவர் காலமானபின் அவர் பங்காக நின்ற பதினொரு சென்ட் நிலத்தை விற்பதற்குக் கையொப்பமிட்டு வருவதே பிரயாணத்தின் நோக்கம். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த என் மகளும் உடன் வந்தாள்.

திருவனந்தபுரத்தில் வண்டி மாறுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள குதிரைமாளிகைக்குச் சென்றோம். சுவாதித் திருநாள் மகாராஜா 1840-களில் கட்டுவித்தது. அதன் இறவாரத்தின்கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. மகள் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டாள். “இதெல்லாம் என்ன சாதிக் குதிரை அப்பா?” என்றாள். விடை தெரியாத தகப்பன்மார் வழக்கப்படி, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

விடை வண்டிக்குள் காத்திருந்தது. எதிரில் அமர்ந்தவர் அமரவிளைக்காரர். சவூதி அரேபியாவில் ஒரு லாயத்தில் பல்லாண்டு குதிரை பேணியவர். மரக்குதிரைகளைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. உயிர்க்குதிரைகளைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அரபுக் குதிரைகளுள் பழைமையானவை ஐந்து குலங்கள் என்றார். குஹைலான் அகன்ற மார்பும் வலிமையும் உடையது. கண்ணைச் சுற்றிய தோல் மை தீட்டியதுபோல் கருத்திருப்பதால் அப்பெயர். சக்லாவி மெல்லிய உடற்கட்டும் எழிலும் வாய்ந்தது. அபையான் வாலை உயர்த்தி ஓடும். அதன்மீது சென்ற வீரனின் மேலங்கி நழுவி, தரையில் விழாமல் வாலிலேயே தங்கியது என்று கதை சொல்வார்களாம். ஹம்தானிக்கு நேரான முகவெட்டும் உறுதியான எலும்பும். ஹத்பானுக்கு அடர்ந்த பிடரிமயிர். கலப்பு மிகுந்ததால் இவ்வடையாளங்கள் இன்று பெரிதும் மங்கிவிட்டன என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“குட்டிக்கு எந்தக் குலப்பெயர் வரும்?” என்றாள் மகள்.

“தாயோட பெயர்தான் மோளே. தகப்பன் எந்தக் குலமானாலும் சரி. ஆண்குதிரையை விற்பாங்க, நல்ல பெண்குதிரையை அந்தப் பாலைவனத்துக்காரங்க லேசில் கைவிட மாட்டாங்க.”

இத்தகைய குதிரைகளே முற்காலத்தில் பாண்டிய நாட்டுக் காயல் துறையில் கப்பல் கப்பலாக வந்திறங்கின. 13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் அவற்றுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினர் என்றும், பராமரிப்பு அறியாமையால் பெரும்பாலானவை மாண்டன என்றும் எழுதி வைத்தார். பாவம், வந்த இடத்தில் வாழத் தெரியாதவை! இதைச் சொன்னபோது அமரவிளைக்காரர் சிரிக்கவில்லை. அவரும் பல்லாண்டு வெளிநாட்டில் உண்டவரல்லவா?

நெய்யாற்றின்கரையில் நாங்கள் இறங்கிக்கொண்டோம். கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரத்தின் அடிமரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப் பிலாவு என்பது பெயர். பகைவர் துரத்தியபோது, பிற்காலத்தில் 1729 முதல் 1758 வரை அரசாண்ட மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து பிழைத்தாராம். பகைக்குக் காரணமும் தாய்வழிதான். திருவிதாங்கூர் முறைப்படி பட்டம் சகோதரி மகனுக்கு உரியது. முந்தைய மன்னரின் புதல்வர்களோ தமக்கே வேண்டுமென்றனர். அந்த மருமக்கள்தாய முறை 1976-இல் சட்டத்தால் ஒழிந்தது. மகள் பொந்தினுள் நெடுநேரம் எட்டிப் பார்த்தாள்.

பாறசாலைக்குப் பேருந்தில் சென்றோம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை இராச்சியத்தில் சேர்ந்தது. பாறசாலையை உள்ளிட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. என் தந்தையார் வீடு குழித்துறைப் பக்கம். அன்னையார் பிறந்த வீட்டுக்குச் செல்ல அன்று முதல் மாநிலம் தாண்ட வேண்டியதாயிற்று. அவரோ அதை ஒருநாளும் எல்லையென்று மதித்ததில்லை. பெயர்ப்பலகைகள் மலையாளத்தில் இருந்தன. வீட்டுத் திண்ணையில் என்னை வரவேற்ற பேச்சு என் அன்னையாரின் தமிழ்.

மாமா பத்திரத்தை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தேன். மகள், “இது பாட்டியோட இடமா? அப்போ நம்ம ஊரா?” என்றாள்.

பேனாவை மூடினேன். பங்குனியில் மறுபடி வருகிறேன், அப்போது பேசலாம் என்றேன்.

“அவசரம் ஒண்ணும் இல்ல மக்களே,” என்று மாமா பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். அத்தை, மகளை அழைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.