கொலைகாரன் யாரென்று பெரியம்மைக்குத் தெரியும்

தென்காசியில் பெரியம்மை வீட்டுப் பட்டாசலில்தான் முதன்முதலாகக் கொலைகளைப் பார்த்தேன். சன் டிவியில் ‘மர்மதேசம்’ ஓடிக்கொண்டிருந்த 1997 வாக்கில். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’. குதிரைக் குளம்படி கேட்டதும் பயல்கள் நாங்கள் போர்வைக்குள் போய்விடுவோம்.

தெருப் பெண்கள் அசைய மாட்டார்கள். மடியில் சொளகு, ஈரப் பீடி இலை, தூள் நெடி. கண் டிவியில் இருக்கும். விரல் பாட்டுக்குத் தூளை வைத்து உருட்டி, வாய் மடக்கி, நூல் சுற்றும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. விளம்பரம் வந்ததும் விசாரணை தொடங்கும்.

பெயர் மறந்துபோன ஒரு துப்பறியும் தொடரில், செத்தவளின் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“பொண்டாட்டி செத்து மூணாம் நாளு எவன்ட்டி தேச்ச சட்ட போடுவான்? இவந்தான்” என்றாள் பெரியம்மை, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அதைக் கண்டுபிடிக்கத் திரையிலிருந்த இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சில வாரங்கள் பிடித்தன. அந்தக் காலத் தொடர்கள் பலவற்றில் பெண்ணுக்கு வாய்த்ததெல்லாம் பிணம், அழுகை, காபித் தட்டு. மிஞ்சினால் பாலில் விஷம் கலக்கும் வேலை. 1998-ல் சோனியில் ‘சி.ஐ.டி.’ வந்தது. எங்களுக்கு இந்தி தெரியாது. அதில் வரும் இன்ஸ்பெக்டர் தயா கதவை உடைப்பதற்கு மொழி எதற்கு? பிரத்யுமனும் அபிஜீத்தும் தயாவும் வருஷக்கணக்கில் இருந்தார்கள். பெண் அதிகாரிகள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

டிவிக்கு வெளியே, சாரல் விழுந்தால் குற்றாலம். பேரருவியில் பெண்கள் பக்கம் தனி. சிறுவன் என்பதால் எனக்கும் அங்கேதான் குளியல். பாறையோரம் காக்கி உடுப்பு சொட்டச் சொட்டப் பெண் போலீஸ் ஒருத்தி நிற்பாள். ஒருநாள் தண்ணீர் அருவியின் பாதுகாப்பு ஆர்ச்சை நோக்கி ஏறியது. விசில் ஊதிக்கொண்டே உள்ளே இறங்கி, “எக்கா, வெளிய வாங்க!” என்று ஒரு போடு போட்டாள். எண்ணெய்த் தலையோடு கூட்டம் மொத்தமும் கரையேறியது. அந்தப் பக்கம் ஆண்களும் சேர்ந்தே ஏறினார்கள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992-லேயே திறந்தாகிவிட்டது. தொடர் எழுதியவர்களுக்கு மட்டும் தகவல் போகவில்லை போலும்.

2022-ல் புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’ தொடர் பார்த்தேன். ஸ்ரீயா ரெட்டியின் ரெஜினா இன்ஸ்பெக்டர். கதிரின் சக்கரை அவளுக்குக் கீழே சப்-இன்ஸ்பெக்டர். அதிகாரம் அவளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனாலும் காணாமல்போன பெண்ணோடு ரெஜினாவின் மகனையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பெண் அதிகாரி என்றால் தாய்ப்பாசத்தையும் சோதித்தாக வேண்டுமாக்கும். ஒரு வழக்கு, ஒரு பெண், அவள் மூளை. இது போதாதா?

குற்றத் தொடர் எழுதுகிறவர்களே, கடையநல்லூர்ப் பக்கமோ முக்கூடல் பக்கமோ வந்து, பீடி சுற்றும் பெண்களோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். கதையை மட்டும் முழுக்கச் சொல்லிவிடாதீர்கள். முடிவை அவர்களே சொல்லிவிடுவார்கள்.