நீர் ஏறும் மாதங்கள்

அசையாத கட்டில் எனக்கு இன்னும் பழகவில்லை. எதையாவது விட்டுவிட்டு ஊர் திரும்பியவர் என்றால், உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஊவாவின் மடுல்சீமையில் இரவு சீக்கிரம் வரும். பனி இறங்கினால் எதிர் லயம் மறைந்துவிடும். நல்ல கம்பளி இருக்கிறது, சுடச்சுடத் தேத்தண்ணி இருக்கிறது, கொசுத் தொல்லை இல்லை. ஆனாலும் விளக்கை அணைத்ததும் காது தேடத் தொடங்கிவிடுகிறது. ஜெனரேட்டர் ஓய்ந்தபின், தலைமாட்டு இரும்புச் சுவரில் ஆறு வந்து வந்து தட்டுமே, அந்தச் சத்தம்.

பெரு நாட்டில் மரான்யோனும் உக்கயாலியும் கூடுமிடத்துக்கு மேலே பக்காயா-சமீரியா காடு. 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் ஊவா மாகாணத்தை இரண்டு தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். வருடத்தில் பல மாதம் தண்ணீருக்குள் நிற்கும் காடு என்பதால் அங்கே படகுதான் வீடு. இங்கிலாந்தில் படித்த நாளில், விலங்கியலாளர் ரிச்சர்ட் பொட்மரின் ஆய்வுக் குழுவுக்குத் தொண்டனாகப் போனேன். நீர் வடியத் தொடங்கிய காலம் அது. மரங்களில் சேற்றுக்கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

விடியுமுன் சின்னப் படகில் இறங்குவோம். மோட்டாரை நிறுத்தி, நீரோட்டத்தோடு மிதந்தபடி இளஞ்சிவப்பு டொல்பின்களை எண்ண வேண்டும். முதுகு தெரிவதற்கு முன்பே மூச்சு கேட்டுவிடும். கறுத்த நீரில், எந்தப் பக்கமென்று தெரியாமல், யாரோ பாரம் இறக்கி வைத்ததுபோல் ஒரு மூச்சு. வழிகாட்டியாக வந்த கொக்காமா இனத்துப் பெரியவர் துடுப்பை அசைக்காமல் தாழ்ந்த குரலில், “அயி எஸ்தா” என்பார். அதோ இருக்கிறது. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் முதலைக் கண்கள் சிவக்கும்போதும் அதே சொல், அதே தாழ்ந்த குரல்.

நாங்கள் தங்கிய கப்பலின் பெயர் அயாப்புவா. 1906இல் ஹம்பர்க்கில் கட்டியது. அமேசன் ரப்பர் கொழித்த நாளில் ரப்பர் ஏற்றியது. அதில் படுத்துக்கொண்டுதான் எங்கள் வம்சக் கதையை முதன்முதலாக முழுசாக யோசித்தேன். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் வேர்விட்டன. நாற்பது வருடத்துக்குள் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசன் காட்டு ரப்பரைச் சாய்த்துவிட்டது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் என் பாட்டனின் அப்பாவும் ஒருவர். கேகாலைப் பக்கம் வெட்டிவிட்டுத்தான் தேயிலைக்கு இந்த மலை ஏறினார். அந்தக் கப்பலின் சரக்கை நிறுத்தியது அவர் கைக் கத்தியும்தான்.

அமேசன் காட்டில் ரப்பர் சேர்த்தவர்கள் பட்ட பாடு மிகக் கொடியது. புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் ஒரு ரப்பர் கம்பெனி பழங்குடிகளை அடித்தும் பட்டினி போட்டும் கொன்றதை பிரித்தானியத் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மண்ட் 1910இல் நேரில் போய் விசாரித்தார். அந்தக் கம்பெனியும் லண்டனில் பதிவானது, இங்குள்ள தோட்டக் கம்பெனிகள் பலவும் லண்டனில் பதிவானவை. ஒருநாள் இரவு மேல்தளத்தில், எனக்குத் தெரிந்த கொஞ்ச ஸ்பானிய மொழியில் இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் பாட்டனும் ரப்பர் காட்டுக்குப் போனவர்தான் என்றார். அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பக்கத்திலேயே உட்காருவார்.

அயாப்புவா இப்போது இக்கிடோஸ் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நல்ல காரியம்தான், பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் இனி யாரும் ஈரத் துணி காயப்போட மாட்டார்கள். வாழைக்காய் பொரிகிற வாசனைக்கு யாரும் எழும்ப மாட்டார்கள்.

இங்கே ‘சின்ன உலக முடிவு’ என்கிற மலை விளிம்புக்குப் போனால், காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பிக் கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் அழகு என்கிறார்கள். அழகுதான். அதற்குள்ளிருந்து மூச்சுவிட எதுவும் மேலே வருவதில்லை.

“அந்த ஆத்துல அப்படி என்னத்த வச்சிட்டு வந்த, ராசா?” என்று அம்மா கேட்கிறார். கொழுந்துக்கூடையோடு வாசலில் நிற்பவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

மாசி, பங்குனியில் சமீரியா கரை தாண்டியிருக்கும். மரத்துச் சேற்றுக்கோட்டை நீர் மறுபடி தொட்டிருக்கும். அந்தப் பெரியவருக்கும் வயதாகியிருக்கும். அவரிடம் தொலைபேசி இல்லை. இருந்தாலும், எதைக் கேட்பது?