ஒற்றை டிக்

என் செல்போனில் மொத்தம் ஆறு மெசேஜ் சமாசாரங்கள் இருக்கின்றன. பெருமைக்காகச் சொல்லவில்லை ஸார், புலம்பலாகத்தான் சொல்கிறேன்.

ஆபீசுக்கென்று ஒன்று. அதில் மேனேஜர் குடியிருக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு 'இருக்கியாப்பா?' என்பார். இருக்கிறேன் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. காலேஜ் நண்பர்களுக்கு வாட்ஸ்அப். சைதாப்பேட்டை ரூம்மேட்டுக்கு டெலிகிராம். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டே அதில்தான் பேசுவான். கோயம்புத்தூர் தங்கைக்கு சிக்னல். "அண்ணா, அதுலதான் யாரும் ஒட்டுக்கேக்க முடியாது" என்பாள். அப்படி என்ன ராணுவ ரகசியம்? நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்பதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கையில் ஐபோன். அவனுக்கு ஐமெசேஜ் தவிர வேறெதுவும் ஆகாது. 2011-ல் வந்த சரக்கு அது. ஆப்பிள் சாமான்களில் மட்டும்தான் ஓடும். என்னுடையது ஆண்ட்ராய்டு. ஆகவே அவன் எனக்கு அனுப்புவது சாதா எஸ்.எம்.எஸ்.ஸாகி, அவன் போனில் பச்சை நிறத்தில் விழும். "டேய், நீ பச்சையா வர்றேடா" என்றான் ஒரு தடவை, ஏதோ எனக்கு மஞ்சள் காமாலை வந்து கலர் மாறிவிட்ட மாதிரி.

ஆறாவது, நம்ம ஸோஹோவின் 'அரட்டை'. 2021-ல் வந்தது. 2025-ல் திடீரென்று ஆபீசில் ஆளாளுக்கு இறக்கினார்கள். நானும் இறக்கினேன். உள்ளே போய்ப் பார்த்தால் அதே முகங்கள், அதே குட்மார்னிங் ரோஜாப்பூ!

இதெல்லாம் தமாஷாகத்தான் இருந்தது, அப்பா விஷயம் நடக்கும்வரை.

அப்பா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். கையில் பட்டன் போன். லீவில் வந்த அண்ணன் தன் ஐபேடைக் கொடுத்துவிட்டுப் போனான். சிம் கிடையாது, கேபிள்காரர் போட்டுக் கொடுத்த வைஃபைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து, மேலே சொன்ன ஆறில் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தேன். எது என்று கேட்காதீர்கள். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

"அப்பா, ஒரு டிக் விழுந்தா போயிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு டிக் விழுந்தா நான் படிச்சாச்சு. போன் பண்ணினா ஆபீஸ்ல எடுக்க முடியாது. இதுல அனுப்புங்க, தொந்தரவே இல்லே" என்று பாடம் நடத்தினேன். அப்பா டைரியில் எழுதிக்கொண்டார்.

அதே ஆப்பில் எனக்கு சினிமா க்ரூப், வேலைவாய்ப்பு க்ரூப் என்று ஏகப்பட்ட கூட்டம். நாள் முழுக்க 'டிங் டிங்'. மீட்டிங்கில் மேனேஜர் முறைத்தார். எரிச்சலில் மொத்த ஆப்புக்கும் சத்தத்தை நிறுத்தினேன். அப்பாவின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டேன் என்பது உறைக்கவில்லை.

அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் என்று ஏற்பாடு. நானும் வியாழன் ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். புதன்கிழமை ராத்திரி பட்டன் போனிலிருந்து அழைப்பு.

"தம்பி, முடிஞ்சிருச்சுப்பா. எதிர்வீட்டு வாத்தியார்தான் துணைக்கு வந்தாரு. கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பிட்டாங்க."

"என்னப்பா இது? வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க!"

"புதன்கிழமையே வரச் சொல்லிட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமையே அனுப்பிச்சேனே. ஒரு டிக்தான் விழுந்துது. ரெண்டு நாளா எடுத்து எடுத்துப் பார்த்தேன். இன்னொண்ணு விழவேயில்லை. சரி, உனக்கு வேலை அதிகம் போலன்னு..."

"ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?"

"நீதானே தம்பி, போன் பண்ணினா தொந்தரவுன்னே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. புரை விழுந்த கண்ணால் இரண்டாவது டிக்கைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

அந்த ராத்திரி தூக்கம் பிடிக்காமல் உட்கார்ந்து, இந்த ஆப் விவகாரத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

1992 டிசம்பர் 3-ம் தேதி உலகின் முதல் எஸ்.எம்.எஸ். போனது. 160 எழுத்துதான் இடம். தமிழில் அடித்தால் 70. ஆனால் அது ஒரு விஷயத்தில் உத்தமம். எந்தக் கம்பெனி போன் என்று கேட்காது, எதற்கும் போய்ச் சேரும். அப்புறம் வந்த ஆப்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பவுண்டு. இந்தக் காம்பவுண்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த காம்பவுண்டில் கேட்காது. ஐரோப்பாவில் 2022-ல் சட்டமே போட்டு, பெரிய கம்பெனிகள் சுவரில் வாசல் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சட்டம் மன்னார்குடிக்கு வராது.

சரி, ஒரே ஆப் ஏன் ஒரு இடத்தில் சுலபமாக ஓடுகிறது, இன்னொரு இடத்தில் முரண்டு பிடிக்கிறது? செய்தி எங்கே குடியிருக்கிறது என்பதுதான் ரகசியம்.

டெலிகிராம் தபாலாபீஸ் பெட்டி மாதிரி. கடிதங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். போன், டேப்லெட், லேப்டாப் எதிலிருந்தும் திறக்கலாம். பழைய கடிதமும் கிடைக்கும். ஆனால் போஸ்ட்மாஸ்டரிடமும் ஒரு சாவி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பூட்டிய கடிதம் வேண்டுமென்றால் 'ரகசிய அரட்டை' என்று தனியாக ஒன்று உண்டு. அதுவோ, எந்தக் கருவியில் ஆரம்பித்தோமோ அதைவிட்டு நகராது.

வாட்ஸ்அப் வேறு ஜாதகம். 2016-லிருந்து அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரிடம் மட்டுமே சாவி. இதை ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். போன்தான் குடும்பத் தலைவர். அதன் கீழ் நாலு உறுப்பினர்களைச் சேர்க்கலாம்: லேப்டாப், டேப்லெட், 2023 முதல் இன்னொரு போன்கூட. தலைவர் சம்மதித்தால்தான் பெயர் ஏறும். தலைவர் 14 நாள் தலைகாட்டாமல் இருந்தால் உறுப்பினர்கள் பெயர் அடிபடும்! சிக்னலும் ஏறக்குறைய இதே வழிதான். அதிலும் போன்தான் தலைவர்.

இன்னொரு வேடிக்கை. ஐபேட் கடைக்கு வந்தது 2010-ல். வாட்ஸ்அப் அதற்கென்று ஒரு ஆப் கொடுத்தது 2025 மே மாதம். பதினைந்து வருஷம் ஸார்! ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்புக்கே வந்துவிடுவான்.

ஆக, ஆப் தேர்ந்தெடுக்கும்போது எது பிரமாதம் என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி போதும். சிம் இல்லாத கருவியில் ஓடுமா? போன் தொலைந்தால் பழைய செய்தி என்னவாகும்? (ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுளில் இருக்கும், ஐபோனுடையது ஆப்பிளில் இருக்கும், கட்சி மாறும்போது ஜாக்கிரதை.) மூன்றாவதுதான் முக்கியம்: வீட்டிலேயே பழைய கருவி யாரிடம் இருக்கிறது, அதில் இது ஏறுமா? கூட்டத்தோடு போகும்போது மெதுவாக நடப்பவருக்குத் தகுந்த மாதிரிதானே எல்லோரும் நடக்கிறோம்?

இதில் சாசுவதம் என்று எதுவும் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு காலத்தில் ஆபீஸ் பெரிய மனுஷர்கள் கையில் மின்னிய பிளாக்பெர்ரி மெசெஞ்சர் 2019-ல் கடையைக் கட்டியது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடியது. முக்கியமான போட்டோவை அங்கேயே விட்டுவைக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு குடும்ப மாநாடு கூட்டினேன். அண்ணன் பச்சை, நீலம் என்று பேச ஆரம்பித்தான். "அப்பாவோட ஒரு கண்ணைப் பத்திப் பேசலாமா?" என்றேன். அடங்கிவிட்டான். தங்கையும் சம்மதித்தாள், குழம்பு ரகசியம் வாட்ஸ்அப்பிலும் பத்திரமாகத்தான் இருக்கும் என்று புரியவைத்தேன். அண்ணன் காசு, என் அலைச்சல். அப்பாவுக்கு ஒரு சின்ன ஆண்ட்ராய்டு போன் வாங்கி, பழைய சிம்மை அதில் மாற்றினோம். எழுத்து பொடியாக இருப்பதால் அதில் அவர் படிப்பதில்லை. படிப்பதெல்லாம் ஐபேடில்தான். போன் சாமி அலமாரி பக்கத்தில் சார்ஜில் உட்கார்ந்திருக்கிறது. பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாலும் வீடே அதை நம்பித்தான் நடக்கிறது. குடும்பத் தலைவர் என்றால் அப்படித்தானே!

பதினாலு நாள் கணக்கை அப்பா டைரியில் எழுதிக்கொண்டார். எதற்கு வம்பு என்று தினமும் விளக்கேற்றியதும் போனை எடுத்து ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு வைக்கிறார். நானும் ஒரு சட்டம் போட்டேன்: அவசரம் என்றால் மெசேஜ் கிடையாது, போன்தான். மேனேஜர் எதிரில் இருந்தாலும் எடுப்பேன்.

போன வாரம் மீட்டிங் நடுவில் அப்பாவின் போன். நெஞ்சு திக்கென்றது. மேனேஜரைத் தாண்டி வெளியே ஓடினேன்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லே தம்பி. சாப்பிட்டியான்னு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன். வந்துச்சான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."