எழுநூறு ரூபாய் ரசாயனம்

“டாக்டருக்குப் படித்தவன் டாக்டர் ஆகிறான். வக்கீலுக்குப் படித்தவன் வக்கீல் ஆகிறான். கெமிஸ்ட்ரி படித்தவள் என்ன ஆவாள்? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்!”

இந்தக் கேள்வியை நம் நண்பர் சென்னை ஸென்ட்ரலில் வண்டி ஏறும்போது ஒரு தடவை கேட்டார். கோதாவரிப் பாலத்தைக் கடக்கும்போது இரண்டாந் தடவை கேட்டார். கல்கத்தாவில் காலேஜ் தெருவின் புத்தகக் கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு மூன்றாந் தடவையும் கேட்டுவிட்டார். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புறப்பட்ட பிரயாணம் அது. ஆனால் அவர் மனம் கல்யாணத்தில் இல்லை. அவருடைய புதல்விக்குச் சென்னையில் ஒரு கலாசாலையில் ரசாயன பி.எஸ்ஸி. வகுப்பிலும், வேறோரிடத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் வகுப்பிலும் இடம் கிடைத்திருந்தது. ஊர் திரும்பிய மறுநாள் இரண்டில் ஒன்றுக்குப் பணம் கட்டியாகவேண்டும். பெண் ரசாயனம் என்கிறாள். தகப்பனார் அவளை ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணியாமல் நம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் போக ஒரு முழு நாள் மிச்சமிருந்தது. “வாருங்கள், சில இடங்களைப் பார்த்துவிட்டு வருவோம்” என்றோம். காளிகட்டத்துக்கும் விக்டோரியா மண்டபத்துக்கும் அழைத்துச் செல்வோம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நாம் அழைத்துச் சென்றது பிரஸிடென்ஸி கலாசாலையின் வாசலுக்கு. 2010-ஆம் வருஷத்திலிருந்து அது சர்வகலாசாலையாகிவிட்டது. நாம் சொல்லவந்த கதை அதற்கு நெடுங்காலம் முந்தியது.

பிரபுல்ல சந்திர ராய் எடின்பரோவில் ரசாயனம் பயின்று, 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று, மறு வருஷம் தாய்நாடு திரும்பினார். ஏறக்குறைய ஒரு வருஷம் உத்தியோகமின்றி இருந்தார். பிறகு 1889-இல் இந்தக் கலாசாலையில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. கல்வி இலாகாவின் மேல்தர உத்தியோகங்கள் அப்போது நடைமுறையில் வெள்ளைக்காரருக்கே உரியவை. எடின்பரோவின் பட்டத்தை வைத்துக்கொண்டும் வங்காளி வங்காளிதான்.

“டி.எஸ்ஸி. படித்தவருக்கே ஒரு வருஷம் வேலையில்லையா?” என்று நண்பர் வெற்றிப் பார்வை பார்த்தார். நாம் சொன்ன கதை நமக்கே எதிர்சாட்சியாகிவிட்டது!

கிடைத்த சிறிய வேலையில் ராய் செய்த ஆரம்ப ஆராய்ச்சிகளுள் ஒன்று நெய்யிலும் கடுகெண்ணெயிலும் நடக்கும் கலப்படத்தைப் பற்றியது. வங்காளிக்குக் கடுகெண்ணெய் எப்படிப்பட்டதென்று அந்தத் தெருவில் ஐந்து நிமிஷம் நின்ற மூக்குக்கு விளக்க வேண்டியதில்லை. 1896-இல் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்புத்தான் அவருக்கு உலகப் பெயரை வாங்கிக் கொடுத்தது. பாதரசத்தின்மேல் வீரியம் குறைந்த நைட்ரிக் திராவகத்தை ஊற்றி வேறொரு பொருளைத் தயாரிக்க முயன்றபோது, எதிர்பாராமல் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின.

“மெர்க்குரஸ் நைட்ரைட், மாமா” என்றாள் பெண், அதுவரை வாய் திறவாதிருந்தவள்.

அங்கிருந்து ராஜாபஜார் ஸயன்ஸ் கலாசாலைக்குச் சென்றோம். சாலைக்கே இப்போது ஆசார்ய பிரபுல்ல சந்திரரின் பெயர். முன்பு அது அப்பர் ஸர்க்குலர் ரோடு. தாரகநாத் பாலித், ராஸ்பிஹாரி கோஷ் என்ற இரு வக்கீல்கள் சம்பாதித்த பெருஞ் செல்வத்தை வழங்க, ஆசுதோஷ் முகர்ஜி 1914-இல் அஸ்திவாரமிட்ட கலாசாலை இது. பாலித் தமது பணத்துடன் ஒரு நிபந்தனையையும் வைத்தார்: அவர் பெயரால் அமையும் ஆசிரியப் பதவிகள் இந்தியருக்கே உரியவை. 1916-இல் ராய் இங்கே ரசாயனப் பேராசிரியரானார். மறு வருஷம் பௌதிகத்துக்கு வந்தவர் நம் ஸி. வி. ராமன். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ரசாயன ‘டெமான்ஸ்ட்ரேட்ட’ராக இருந்த வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் 1920-இல் கல்கத்தாவுக்கு வந்ததும் ராமனை நாடித்தான். ரசாயன வகுப்பிலிருந்து பௌதிக மேதை புறப்பட்டதும் உண்டு என்பதை நண்பருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் அதை லாபமாக எடுத்துக்கொண்டாரா, நஷ்டமாக எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இந்தக் கட்டடத்தில் ஓர் அறையிலேயே பிரம்மசாரியான ராய் பல்லாண்டுகள் வசித்தார். அறுபது வயதுக்குப் பின் சம்பளத்தை ரசாயனப் பகுதிக்கே கொடுத்துவிட்டார். 1944 ஜூன் 16-இல் இங்கேயே காலமானார். அதே 1944-இல் அஸீமா சாட்டர்ஜி என்னும் பெண்மணிக்குக் கல்கத்தா சர்வகலாசாலை டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. இந்தியச் சர்வகலாசாலை ஒன்றில் அப் பட்டத்தை ஒரு பெண் பெற்றது அதுவே முதல் தடவை. பிற்காலத்தில் அவரும் இங்கே பேராசிரியராகி, ஆரைக்கீரை இனத்தையும் ஜடாமாஞ்சியையும் ஆராய்ந்து வலிப்பு நோய்க்கு மருந்து கண்டார். நண்பர் கட்டடத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

கலாசாலையின் கதவிலக்கம் 92. ராய் 1892-இல் குடியிருந்த வாடகை வீடு இதே சாலையில் 91-ஆம் இலக்கம். அங்கேதான் எழுநூறு ரூபாய் முதலில் ‘பெங்கால் கெமிக்கல்’ பிறந்தது. பட்டம் பெற்ற வங்காளி இளைஞர்கள் குமாஸ்தா உத்தியோகத்துக்காக வாசல் வாசலாக அலைவதைக் கண்டு மனம் நொந்தவர், படிப்பைக் கொண்டு பொருள் செய்து காட்டுவோம் என்று இறங்கினார். கலாசாலையிலிருந்து மாலையில் திரும்பியதும் மருந்து காய்ச்சுவது! கசாப்புக் கடைகளிலிருந்து எலும்பு வாங்கி மாடியில் உலர்த்தினார். மழை வந்தது; எலும்பில் ஒட்டியிருந்த இறைச்சி அழுகிற்று; காக்கைகள் அண்டை வீடுகளில் எலும்பை விருந்து வைத்தன. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரவே, எலும்புகளை மாணிக்தலாவில் ஒரு வெற்றிடத்துக்குக் கொண்டுபோய் இரவில் கொளுத்தினார்கள். யாரோ பிணத்தை எரிக்கிறார்கள் என்று சந்தேகித்துப் போலீஸார் ஓடிவந்தார்களாம். 1932-இல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

எலும்புச் சாம்பலைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து, அதில் சோடா உப்பைச் சேர்த்தால், வைத்தியர்கள் கேட்கும் சோடியம் பாஸ்பேட் கிடைக்கும். ஆடாதோடை, நிலவேம்பு, வெட்பாலை, ஓமம் ஆகியவற்றிலிருந்தும் மருந்துகள் தயாராயின. அவற்றை டாக்டர்களிடம் எடுத்துச் சென்று ஏற்கச் செய்தவர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். அவர் 1898-இல் பிளேக்கில் இறந்தார். அவருடைய மைத்துனர், ரசாயன எம்.ஏ.யான இளைஞர் சதீஷ் சந்திர சின்ஹா, அதற்கு முன்பே பரிசோதனைச் சாலையில் ஹைட்ரோசயானிக் விஷத்துக்குப் பலியாகியிருந்தார்.

இதை நாம் சொல்லாமலே விட்டிருக்கலாம். நண்பர் முகம் கறுத்துவிட்டது. ஆனால் பெண்ணைப் பெற்றவரிடம் பாதிக் கதையைச் சொல்வது தர்மமல்ல. இன்று விஷ வாயுவை வெளியே இழுக்கும் கூண்டுகளும், கண்ணாடியும், கையுறையும் உண்டு. அவற்றை ஒழுங்காக உபயோகிக்கும் கலாசாலைதானா என்று சேருமுன் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை.

ஸியால்தாவில் மெட்ரோ ரயில் ஏறினோம். பூமிக்கடியில் ஓடிய வண்டி பூல்பாகனைத் தாண்டியதும் வெளிச்சத்துக்கு ஏறிற்று. அடுத்தது ஸால்ட் லேக் ஸ்டேடியம். அதற்கடுத்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பெண் சிரித்துவிட்டாள். ‘பெங்கால் கெமிக்கல்’! 2020 பிப்ரவரியில் திறந்த நிலையம் அது. எழுநூறு ரூபாய்க் கடை 1901-இல் இரண்டு லட்சம் மூலதனமுள்ள கம்பெனியாகி, 1905-இல் மாணிக்தலாவில் தொழிற்சாலை கட்டிற்று. அதை மதில் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, எதிரே மண் குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்போதுதான் நண்பரின் கேள்விக்குப் பதில் சொன்னோம். ரசாயனம் படித்தவருக்கு வாசலில் பெயர்ப்பலகை இல்லை. அவர்கள் மருந்துச் சாலையில் மாத்திரையைச் சோதிக்கிறார்கள். பெட்ரோல், சாயம், சிமென்டு, சர்க்கரை, உரம் எல்லாவற்றிலும் மறைந்திருக்கிறார்கள். குடிநீரிலும் பாலிலும் கலந்ததைக் கண்டு சொல்கிறார்கள். கொலை வழக்கில் குடலில் இருந்த விஷத்தின் பெயரைக் கோர்ட்டுக்குச் சொல்கிறார்கள். பி.எஸ்ஸி. மாத்திரம் என்றால் ஆரம்பச் சம்பளம் சொற்பந்தான். கம்ப்யூட்டர்க்காரரோடு ஒப்பிட்டால் மனம் வருந்தும். எம்.எஸ்ஸி. அவசியம். ‘ஜாம்’ பரீட்சை எழுதி ஐ.ஐ.டி.யில் அதைப் படிக்கலாம். ஆராய்ச்சியில் ஆசையிருந்தால் மேலும் ஐந்தாறு வருஷம் பொறுமை வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற படிப்பு அல்ல.

“இங்கேயே 1903-இல் ஒரு ரசாயன எம்.ஏ. வேலைக்குச் சேர்ந்தார், ராஜசேகர் போஸ் என்று பெயர். நிர்வாகத்தின் தலைமைக்கு உயர்ந்தார். பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தையே சிரிக்கவைத்த எழுத்தாளரும் அவர்தான், அகராதி வேறு தொகுத்தார்” என்றோம்.

“கம்பெனி இப்போது எப்படி?” என்றார் நண்பர். பாங்கிக்காரர் அல்லவா!

அதையும் மறைக்கவில்லை. கம்பெனி நலிந்து, 1977-இல் சர்க்கார் நிர்வாகத்தை ஏற்று, 1980-இல் தேசீயமாக்கிற்று. நெடுங்காலம் நஷ்டம். 2016-இல் விற்றுவிடலாம் என்று மந்திரிசபை தீர்மானித்தது, தொழிலாளர் வழக்காடினார்கள். அதே 2016-17-இல் பல்லாண்டுகளுக்குப் பின் லாபம் வந்தது. நம் நாட்டு மருந்துக்கு வழிகாட்டிய வீட்டை நாமே இவ்வளவு வாடவிட்டோமே என்ற வருத்தம் நமக்கு உண்டு.

திரும்ப நிலையத்து மேடைக்கு வந்தோம். நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு நம்மிடமல்ல, மகளிடம் திரும்பினார்.

“அந்த எலும்புச் சமாசாரம். திராவகம் ஊற்றினால் எப்படி உப்பாகிறது? எனக்குப் புரியும்படி சொல்லு.”

அவள் கைப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். தகப்பனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வண்டி வந்தது, கதவு திறந்தது, மூடிற்று. “இரு, இரு, இந்தச் சுண்ணாம்பு எங்கே போயிற்று?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர். நாம் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம்.