அப்பா பெயருக்கு வந்த உறை

"நீங்க தமிழ்தானே சார்? பேரைப் பாத்துட்டுதான் கூப்பிட்டேன்" என்றுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு தொடங்கியது. நான் கற்பிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை. (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். காரணம் இக்கட்டுரையிலேயே இருக்கிறது.) மகன் வகுப்புக்கு வருகிறானா, எவ்வளவு மதிப்பெண் எடுத்திருக்கிறான் என்று இரண்டே கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் விடை என் மேசைமீது இருந்தது. சொல்லத்தான் எனக்கு அனுமதியில்லை.

"பணம் கட்டுறது நான்தான் சார்" என்றார்.

செனட்டர் ஜேம்ஸ் பக்லி முன்னின்று கொண்டுவந்து, 1974 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டம் அது. ஃபெர்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விந்தை என்னவென்றால், பெற்றோருக்குக் கோப்புகளைத் திறந்துவிட்டதும் இதே சட்டம்தான். பிள்ளையைப் பற்றிப் பள்ளி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமையை அது தந்தது. கேட்டால் 45 நாட்களுக்குள் காட்டவேண்டும். பிழையிருந்தால் திருத்தக் கோரலாம். ஆனால் பிள்ளைக்கு 18 வயது நிறைந்தாலோ, அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்தாலோ, அந்த உரிமை முழுவதும் பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. கட்டணம் யாருடைய பையிலிருந்து வந்தது என்பது கணக்கில் இல்லை. வருமான வரிக் கணக்கில் மகனைத் தம்மைச் சார்ந்தவனாகக் காட்டும் பெற்றோருக்குப் பல்கலைக்கழகம் விரும்பினால் தகவல் தரலாம். தந்தே தீரவேண்டும் என்பதில்லை. எங்கள் பல்கலைக்கழகம் மாணவனின் கையொப்பத்தைக் கேட்கும்.

இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு என் குரலே பிடிக்கவில்லை.

நான் படித்த கல்லூரியில் பெயரும் மதிப்பெண்ணும் தாங்கிய தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். தேறாதவன் பெயரின்கீழ்ச் சிவப்பு மையால் கோடு இருக்கும். ஊரில் இருந்த அப்பாவுக்குத் தனியே ஒரு கடிதம் போகும். உறைமேல் அவர் பெயர்தான்; பிரித்துப் படித்தது குற்றமேயில்லை. இரண்டு தாள்களில் நான் தோற்றிருந்தேன். எல்லாவற்றிலும் தேறிவிட்டதாக வீட்டுக்கு எழுதினேன். "சந்தோஷம்" என்று ஒரு அஞ்சலட்டை வந்தது. அடுத்த மாதம் மணியார்டர் வந்தது. வழக்கமான தொகையோடு, இரண்டு தாள்களுக்கான மறுதேர்வுக் கட்டணம், சில்லறை பிசகாமல்.

அந்த உறை அப்பாவுக்குப் போகாதிருந்தால் நன்றாயிருந்திருக்குமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பலகையிலிருந்த சிவப்புக் கோட்டை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

"அவன்கிட்டயே கேளுங்க சார்" என்றேன் அந்தத் தந்தையிடம்.

"அவன் போனை எடுக்கிறதில்லையே."

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, ஒருவகையில். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரலில் 32 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, மறு ஆண்டிலேயே விதிகளைத் தளர்த்தினார்கள். மாணவனின் உடல்நலத்துக்கோ உயிருக்கோ ஆபத்து என்று நிறுவனம் கருதினால், பெற்றோருக்குச் சொல்லலாம். மூன்று வாரமாக வகுப்புக்கு வராததும் போனை எடுக்காததும் ஆபத்தா, பத்தொன்பது வயதா? அதைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, அதைக் கவனிக்க வேண்டியவர்களுக்குச் சொல்லத் தடையில்லை. அன்றிரவே மாணவர் நலப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

பத்து நாள் கழித்து அவன் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். முகம் மெலிந்திருந்தது. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்த நான், அவனுடையதை மேசைமீது குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"அப்பா கூப்பிட்டாங்க" என்றேன் தமிழில், தாழ்ந்த குரலில்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

தாளைப் புரட்டாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். நான் அடுத்த வரிசைக்குப் போனேன்.